பசு ருசி பார்த்த சுவர்

மனித குல வரலாற்றில் மறக்கக்கூடாத நாட்கள் மூன்று. நெருப்பு மூட்டப்பட்ட நாள், சக்கரம் உருண்ட நாள், வெள்ளகோவிலுக்குத் தெற்கே அங்கப்பனின் தோட்டத்துப் புது வீட்டில் பால் காய்ச்சிய நாள். முதல் இரண்டுக்கும் யாரும் பத்திரிகை அடிக்கவில்லை, பந்தல் போடவில்லை. ஆகவே அவற்றின் முக்கியத்துவம் ஒரு மாற்றுக் குறைவுதான். மூன்றாவதற்குப் பந்தல் உண்டு, மேளம் உண்டு, காங்கேயம் சாலையில் போகிற லாரிக்காரர்கள்கூடப் படிக்கிற அளவுக்கு ஒரு பேனர் உண்டு.

"மரம் மறுபிறவி எடுக்கும் திருநாள்" என்றது பேனர்.

வாசகத்தை எழுதியவள் டிசைனர் ரித்திகா. அதற்குப் பிழை திருத்தியவள் விஞ்ஞானி லோகப்பிரியா. "மறுபிறவிக்கு ஆதாரம் ஒண்ணும் இல்லையே" என்று ஆட்சேபம் சொன்னவளும் அவள்தான். பேனரில் இடம் போதாததால் ஆட்சேபம் அச்சேறவில்லை.

லோகப்பிரியா அங்கப்பனின் மூத்த மகள். ரித்திகா அவள் தம்பி சபரீஷின் மனைவி. இந்த இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்வார்கள் என்று எந்த ஜோசியரும் சொன்னதில்லை. சேர வைத்தது அங்கப்பனின் இருமல்.

அங்கப்பனுக்குச் சொந்தமாக ஒரு பலகை மில். மரத்தூளையும் சிராயையும் பசையில் பிசைந்து, சூடான பிரஸ்ஸில் அழுத்திப் பலகையாக்குகிற மில். அந்தப் பசையின் ஆவி ஒருநாள் மூக்கில் ஏறினால் கண் எரியும். பாதி ஆயுள் ஏறினால் நெஞ்சு எரியும். அங்கப்பனுக்கு நெஞ்சு எரிந்து, இருமல் வாடகை இல்லாமல் குடிவந்துவிட்டது. கோயமுத்தூர் டாக்டர் வளவளக்காத மனிதர். "பசையை விடுங்க. இல்லைன்னா ஆக்ஸிஜன் சிலிண்டரோட குடும்பம் நடத்தப் பழகிக்குங்க" என்றார்.

அங்கப்பன் மில்லை விடுகிற ஆள் இல்லை. மில் ஓடினால் பிரஸ் பக்கத்தில்தான் நிற்பார். கட்டிப் போட்டாலும் கட்டோடு வந்து நிற்பார். அப்பாவை மாற்ற முடியாது, பசையை மாற்றிப் பார்ப்போம் என்று லோகப்பிரியா கிளம்பினாள். கோயமுத்தூரில் மரப்பொருள் ஆய்வுக்கூடம் ஒன்றில் அவளுக்கு வேலை. கடலைப் புண்ணாக்கிலிருந்து பிரித்த புரதத்தையும் மரத்துக்குள்ளேயே இருக்கிற பிசினையும் சேர்த்து ஒரு பசை காய்ச்சினாள். கண் எரியாது, நெஞ்சு எரியாது. தோட்டத்து மலைவேம்பும், வாடல் நோயில் சாய்ந்த தென்னை மரங்களும் தூளாகி அதில் பிசையப்பட்டன. வந்த பலகையை அலமாரியாக, சுவராக, கதவாக ஆக்கிக் காட்டினாள் ரித்திகா. இடையில் இருவரும் பேசாமல் இருந்ததும், பேசியதும், பேசியதற்காக வருந்தியதும் இந்தத் தொடரின் பழைய வாரங்கள்.

இன்றைக்குப் பால் காய்ச்சுகிற வீடு, தலை முதல் கால் வரை அந்தப் பலகை.

சிறப்பு விருந்தினர் மோகன்குமார். கட்டடக் கலைஞர். பசுமை வடிவமைப்பு இயக்கம் ஒன்றின் நிறுவனர், தலைவர், செயலாளர். பெரும்பாலான கூட்டங்களில் ஒரே உறுப்பினர். காந்திபுரத்தில் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அவர் கட்டுகிற பெரிய ஹாஸ்டலில், சமையலறை உட்பட அத்தனை அறைகளுக்கும் இந்தப் பலகைதான் என்று இன்று மேடையில் அறிவிப்பார். அறிவித்துவிட்டால் பழைய பசை மில்லை விட்டு ஒரேயடியாக வெளியேறும். அறிவிக்காவிட்டால் பழைய பசை திரும்பி வரும். அதன் முன்னால் அங்கப்பனும் திரும்பிப் போய் நிற்பார்.

லோகப்பிரியா இதை நினைத்துக்கொண்டேதான் அன்று குளித்தாள், பட்டுச் சேலை கட்டினாள், கும்பத்தை ஏந்தினாள்.

விடியும் முன்பே கணபதி ஹோமம் தொடங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக் காங்கேயம் பசு கன்றோடு வந்தது. நெற்றியில் குங்குமம், கழுத்தில் செவ்வந்தி மாலை, முகத்தில் தாமதமாக வரும் பிரமுகர்களுக்கே உரிய அலட்சியம். உள்ளே வந்து வீட்டை ஒரு பார்வை பார்த்தது. மந்திரம் இன்னும் பாக்கி இருந்ததால், "சித்த நேரம் அப்படி ஓரமா நிறுத்துங்கோ" என்றார் ஐயர். கூடத்துச் சுவரோரம் நிறுத்தினார்கள். அகத்திக்கீரை வைத்தார்கள். பசு கீரையை முகர்ந்தது, அதைப் பொருட்படுத்தாமல் திரும்பி, சுவரை நக்க ஆரம்பித்தது.

முதலில் பார்த்தவள் லோகப்பிரியாவின் அம்மா நாச்சியம்மாள்.

"ஏனுங்க, இங்க பாருங்க! லச்சுமி செவுத்தக் கும்புடுது!"

"கும்புடலை. நக்குது" என்றார் அங்கப்பன்.

"நக்கட்டுமே, உங்களுக்கு என்னங்க? லச்சுமி வாய் வெச்ச ஊடு. ஆரும் அக்கட்ட ஓட்டாதீங்க. அதுபாட்டுக்கு நிக்கட்டும்."

நாச்சியம்மாள் சொன்னால் அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. சொந்தபந்தமாக வந்த உறம்பரை முழுக்கச் செல்போனைத் தூக்கியது. ஒரு பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பசு அவசரமே படவில்லை. நாக்கை நீட்டி, கீழிருந்து மேலாக, வெள்ளை அடிக்கிறவன் பிரஷ் போடுகிற ஒழுங்கோடு நக்கியது.

ரித்திகா லோகப்பிரியாவின் காதோரம் வந்தாள். "அண்ணி, புண்ணாக்கு வாசனை போல. உங்க பசைக்கு மொதல் கஸ்டமர்."

லோகப்பிரியாவும் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஹோமம் முடிந்து, பசு பிரதட்சணம் வந்து, வாழைப்பழம் தின்று, கன்றோடு படியிறங்கிப் போனது. கூட்டம் அதன் பின்னாலேயே வாசலுக்குப் போயிற்று. லோகப்பிரியா மட்டும் சுவரோரம் வந்து குனிந்தாள்.

நாக்கு பட்ட இடத்தில் ஒரு குழி. உள்ளங்கை அகலம். விரலால் தொட்டாள். டீயில் நனைத்த வர்க்கி மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தது.

இந்தப் பலகையை அவள் தண்ணீரில் ஊறப் போட்டிருக்கிறாள். கொதிக்க வைத்திருக்கிறாள். கரையானுக்கு விருந்து வைத்திருக்கிறாள். நெருப்பில் காட்டியிருக்கிறாள். எல்லாவற்றிலும் பாஸ். பசுவின் எச்சிலில் மட்டும் எப்படி?

எச்சில் என்பது வெறும் தண்ணீர் இல்லை. அசை போடுகிற பிராணிக்கு வாயில் ஊறுவது காரம். வயிற்றில் புளிப்பு ஏறாமல் இருக்க இயற்கை கரைத்து வைத்த சோடா. லோகப்பிரியாவுக்கு அது நினைவு வந்தபோது, கையில் இருந்த குங்குமச் சிமிழை எங்கே வைத்தோம் என்பது மறந்துவிட்டது.

அவள் நேராகச் சமையல் கொட்டகைக்குப் போனாள்.

"மாஸ்டர், ஆப்பசோடா இருக்குதுங்களா?"

"போண்டாவுக்குப் போட்டாச்சுங்களே அம்மணி."

"போண்டாவுக்கு இல்லைங்க. எனக்கு."

நெஞ்செரிச்சல் என்று நினைத்துக்கொண்டு மாஸ்டர் இரண்டு ஸ்பூன் சேர்த்தே கொடுத்தார். வீட்டுக்குப் பின்புறம், பொடக்காளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து, இரண்டு டம்ளரில் பலகைத் துண்டுகளைப் போட்டாள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் சோடா கரைத்த தண்ணீர். முன்னால் காலை டிபன் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. "அம்மணியைக் காணோம், அம்மணியைக் காணோம்" என்று நாச்சியம்மாளின் குரல் நாலு திக்கும் போய் வந்தது. வெறும் தண்ணீரில் பலகை பலகையாகவே இருந்தது. சோடா டம்ளரில் அது முதலில் வீங்கியது, பிறகு நெளிந்தது, பிறகு கூழானது.

ரித்திகா தேடிக்கொண்டு வந்தாள். "இங்க என்ன பண்றீங்க அண்ணி? மோகன்குமார் சார் காங்கேயம் தாண்டிட்டாராம்."

லோகப்பிரியா டம்ளரை நீட்டினாள். "தொட்டுப் பாரு."

ரித்திகா விரலை விட்டாள், எடுத்தாள். பட்டுச் சேலையில் துடைக்கப் போய், நிறுத்திக்கொண்டாள்.

"பசு நக்குனதும் இதேதான்" என்றாள் லோகப்பிரியா. "காரம் பட்டா பசை விட்டுருது. இதை நான் சோதிக்கவே இல்லை."

"காந்திபுரத்து ஹாஸ்டல்ல பசு வந்து நக்காது அண்ணி."

"பாத்திரம் எதுல கழுவுவாங்க?"

ரித்திகா சோடா டம்ளரை மறுபடி பார்த்தாள்.

"சமையல் மேடையை எதுல தொடைப்பாங்க? தரையை? சோப்பு அத்தனையும் காரம்தான் ரித்திகா. கொஞ்சம் கொஞ்சமா நக்குற பசு."

"எத்தனை நாள் தாங்கும்?"

"மழைக்காலம் வரைக்கும் தாங்கலாம். அப்புறம் பாத்திரத்தோட தொங்குற அலமாரி எந்தப் புள்ளை தலையில விழுதோ, அது எனக்குத் தெரியாது."

ரித்திகா தொட்டித் திண்டில் உட்கார்ந்தாள். அவள் வரைந்த அலமாரி அது. கைப்பிடியே இல்லாமல், விளிம்பிலேயே விரல் நுழைகிற மாதிரி, எத்தனை காகிதம் கிழித்து வரைந்தாள் என்று லோகப்பிரியாவுக்குத் தெரியும். ஈரக்கை விளிம்பில்தான் படும். இப்போது இரண்டு பேருக்கும் அது ஒரே நேரத்தில் தோன்றியது.

சபரீஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். அவனிடம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. டம்ளரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, இன்னைக்குச் சொல்லாதீங்க."

"எப்பச் சொல்றது?"

"ஒரு மாசம் போகட்டும். நீங்களே சரி பண்ணிருவீங்க. அவரு மொதல்ல மேடையில சொல்லிப்போடட்டும்."

"சொல்லிப்போட்டா நாளைக்கே பலகை கேப்பாரு. கொடுத்துப்போட்டு?"

"நீங்க இப்ப வாயைத் தொறந்தா அவரு காரு எடுத்துட்டுப் போயிருவாரு. அவரு போனா அந்தப் பசை வரும். பசை வந்தா அப்பா போயி அதுக்கு முன்னால நிப்பாரு. டாக்டர் சொன்னது எனக்கும் உங்களுக்கும் ஒண்ணாத்தானே கேட்டுச்சு?" அவன் வேட்டியை அவிழ்த்து மறுபடி மடித்துக் கட்டினான். "நான் என்ன ஆசைக்காங்க அக்கா சொல்றேன்?"

சோதனைக்கூடத்தில் எந்தக் கேள்விக்கும் இரண்டு டம்ளர் வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு டம்ளரில் அப்பாவையும் மற்றதில் முகம் தெரியாத பெண்களையும் போட்டுப் பார்க்கிற வழி அவள் படித்த எந்தப் பாடத்திலும் இல்லை.

கூடத்துக்குத் திரும்பினபோது குழியைக் காணவில்லை. நாச்சியம்மாள் தாய்மாமன் சீர்த்தட்டுகளை அந்தச் சுவரோரமாக அடுக்கி, மேலே ஒரு குலை வாழையையும் சாய்த்து வைத்திருந்தாள். பிரச்சினை என்ன என்று அவளுக்குத் தெரியாது. வீட்டில் ஓட்டை என்றால் உறம்பரை கண்ணில் படக்கூடாது, அவ்வளவுதான்.

ஜன்னலோரம் அங்கப்பன் உட்கார்ந்திருந்தார். புது வேட்டி, தோளில் துண்டு. மகளைப் பார்த்ததும் பக்கத்தில் தட்டிக் காட்டினார்.

"ஒக்காரு அம்மணி. நேத்துப் பொழுது எறங்குனதுலருந்து இங்கதான் இருக்கறேன். ஹோமப் பொகைக்கு ரெண்டு இருமல். அவ்வளவுதான். மத்தபடி நெஞ்சு சத்தமே இல்லை."

"ஆமாங்கப்பா."

"மூச்சு காலை நீட்டிப் படுக்குது, பாத்துக்க." அவர் உள்ளே இழுத்தார், நிறுத்தினார், விட்டார். எதையோ ருசி பார்க்கிற மாதிரி இருந்தது அது. "ஏன் மொகம் வாடிக் கெடக்குது? சாப்புடலையா?"

"சாப்புடறேனுங்க."

"உன்ற தம்பியும் அப்படித்தான் மூஞ்சிய வெச்சுட்டுத் திரியறான். மில்லுல எதாச்சும்?"

அதற்குள் வாசலில் மேளம் உச்சத்துக்குப் போனது. மோகன்குமார் வந்துவிட்டார்.

கைத்தறி ஜிப்பா, கழுத்தில் மரமணி மாலை, பின்னால் கேமராவோடு இரண்டு உதவியாளர்கள். கூடத்துக்குள் நுழைந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் நின்றார். மயக்கமோ என்று நாச்சியம்மாள் தண்ணீர்ச் சொம்போடு ஓடினாள். "சூழலை உள்வாங்குறார்" என்று உதவியாளர் விளக்கினார். நாச்சியம்மாள் சொம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனாள்.

உள்வாங்கியதை மோகன்குமார் மைக்கில் வெளிவிட்டார்.

"மரம் என்பது ஒரு பொருள் அல்ல. அது ஓர் உரையாடல். விஞ்ஞானம் கேட்கிறது, வடிவமைப்பு பதில் சொல்கிறது. நாம் இந்தப் பலகையைப் பார்ப்பதாக நினைக்கிறோம். இல்லை நண்பர்களே! பலகைதான் நம்மைப் பார்க்கிறது."

கடைசி வரிசையில் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேர் தலையைச் சாய்த்துக்கொண்டார்கள்.

"என்னங்க சொல்றாரு?"

"பலகை பாக்குதாமா."

"பசு பாத்துச்சு, நான் பாத்தேன்."

மோகன்குமார் காட்டிலிருந்து நகரத்துக்கு வந்து, நகரத்திலிருந்து அண்டசராசரத்துக்குப் போய், அங்கிருந்து இறங்கிக் காந்திபுரத்தை நெருங்கினார். "இந்த மேடையில் ஒரு மகத்தான செய்தியை…" என்று இழுத்தார். சபரீஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரித்திகா லோகப்பிரியாவைப் பார்த்தாள். தலையை ஆட்டவில்லை; வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சொல் என்றும் சொல்லவில்லை.

லோகப்பிரியா ஜன்னலைப் பார்த்தாள். அப்பா மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்து போய் மைக்கை வாங்கினாள். பிடுங்கினாள் என்று பிற்பாடு உறம்பரை சொன்னது மிகை. அவர் நீட்டவில்லை, அவ்வளவுதான்.

"மன்னிக்கோணுமுங்க. இந்தப் பலகை இன்னும் தயாராகலைங்க."

கடைசி வரிசைத் தோட்டத்துக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"தண்ணிக்குத் தாங்கும். சோப்புக்குத் தாங்காது. காலையில பசு நக்குன எடம் கரைஞ்சுபோச்சு. இதை ஹாஸ்டல் சமையலறையில மாட்டக் கூடாதுங்க, பாரம் தாங்காம விழுந்துரும். காரத்துக்குச் சோதிக்காம விட்டது நான். ரித்திகா மேல தப்பு இல்லை, மில்லு மேலயும் தப்பு இல்லை."

வாழைக்குலையை நகர்த்தினாள். முன்னால் இருந்த ஒரு தட்டை எடுத்தாள். குழி எல்லோருக்கும் தெரிந்தது. நாச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்படியில் யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள்.

மோகன்குமார் மேடையிலிருந்து இறங்கி வந்தார். குழியின் முன் மண்டியிட்டார். விரலால் தொட்டார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

"அற்புதம்" என்றார்.

சபரீஷ் நிமிர்ந்தான்.

"அற்புதம்! பசு உண்ணக்கூடிய சுவர்! இதைத்தானே உலகம் தேடிக்கொண்டிருக்கிறது? மண்ணில் பிறந்தது பசுவின் வாய் வழியாக மண்ணுக்கே போகிறது. இது பழுது அல்ல, நண்பர்களே. இது பொருளின் வாக்குமூலம்!"

கைதட்டல் எழுந்தது. எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாதவர்கள்தான் பலமாகத் தட்டினார்கள்.

"அப்ப ஹாஸ்டலுக்குங்க?" என்றான் சபரீஷ்.

"ஹாஸ்டலுக்கா?" மோகன்குமார் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். உரையாடல், வாக்குமூலம் எல்லாம் தட்டிய தூசியோடு போய்விட்டது. "ஹாஸ்டலுக்கு வழக்கமான பலகையே போட்டுக்குறோம் தம்பி. ரிஸ்க் எடுக்க முடியாது பாருங்க. இந்த ஒரு துண்டை மட்டும் கழட்டிக் கொடுங்க. அடுத்த கண்காட்சியில வைக்கிறேன். பசுவோட போட்டோவும் இருந்தா அனுப்புங்க."

சாப்பாட்டுப் பந்தி கலகலப்பாகவே நடந்தது. விருந்தினர் எதை ரத்து செய்தார் என்பது முக்கால்வாசிப் பேருக்குப் புரியவில்லை. எதைப் பாராட்டினார் என்பது எல்லோருக்கும் புரிந்திருந்தது. "நம்ம அம்மணி பலகை கண்காட்சிக்குப் போகுதாமா" என்று பேசிக்கொண்டு பாயசம் குடித்தார்கள்.

சபரீஷ் தென்னை மரத்தடியில் நின்று பழைய பசைப் பலகை வாங்குகிற வியாபாரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமாங்க… பழைய பலகையே தர்றோமுங்க… இன்னைக்கே ஓட்டச் சொல்றேனுங்க." லோகப்பிரியா அந்தப் பக்கம் போகவில்லை. போனால் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதுதான் பயமாக இருந்தது.

அங்கப்பன் கை கழுவிவிட்டு வந்தார்.

"சொல்லிப்போட்டீல்ல?"

"ஆமாங்கப்பா."

"செரி. போயிச் சாப்புடு. பாயசம் தீந்துரும்."

அவள் தலையில் ஒரு கணம் கையை வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். செருப்பைத் தேடினார். எங்கே போகிறார் என்று நாச்சியம்மாளைத் தவிர யாரும் கேட்கவில்லை. எல்லோரும் குழியின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கரைந்த பிறகு மோகன்குமாரின் உதவியாளர்கள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார்கள். சீர்த்தட்டுகள் முழுவதையும் நகர்த்தினார்கள். குழி விழுந்த பலகையைக் கழற்றத் தொடங்கினார்கள்.

லோகப்பிரியா பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் பார்த்தாள். பார்த்தவள் கிட்டத்தில் வந்தாள். பிறகு உட்கார்ந்தேவிட்டாள்.

பசு ஒரு பலகையை மட்டும் நக்கவில்லை. பக்கத்துப் பலகையையும் நக்கியிருந்தது. ஈரம் காயும் முன்பே தட்டுகள் மறைத்துவிட்டதால் யார் கண்ணிலும் படவில்லை. காய்ந்த எச்சில் அதன்மேல் வெள்ளையாகப் பாளம் கட்டியிருந்தது. கீழிருந்து மேலாக, அதே ஒழுங்கு, அதே நாக்கு. அவள் நகத்தால் சுரண்டினாள். எச்சில்தான் உதிர்ந்தது. பலகை உதிரவில்லை. கட்டை விரலால் அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது.

"ரித்திகா!"

ரித்திகா நகையைக் கழற்றிக்கொண்டே வந்தாள்.

"இது எந்தப் பலகை?"

"நம்ம பலகைதான் அண்ணி."

"மேல பூசுன சாயம்னு நெனைச்சேன், நிறமே ஒரு சாயல் கறுப்பா இருக்குது. இதுல என்ன கலந்தே?"

"ஒண்ணும் கலக்கலைங்க."

"ரித்திகா."

ரித்திகா ஒரு வளையலைத் திருகினாள். "கூடத்துல எல்லாம் ஒரே வெளிர் நிறமா இருந்தா சப்புனு இருக்கும்னு தோணுச்சு. நடுவுல ஒண்ணு மட்டும் தேங்காய்ச் சிரட்டை நிறத்துல வேணும்னு… உங்ககிட்டக் கேட்டா, சூடு ஏத்தினா பசை கெட்டுரும்னு திட்டுவீங்க. அதனால மாமாகிட்டக் கேட்டேன். பிரஸ்ல இன்னொருக்கா வெச்சு வாட்டித் தரச் சொன்னேன். அவரு வாட்டிக் கொடுத்தாரு. இது ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி, சாமி சத்தியமா."

லோகப்பிரியா திட்டவில்லை. ரித்திகாவுக்கு அதுதான் பெரிய ஆச்சரியம்.

கூடுதலான சூட்டில், கூடுதலான நேரம். புரதம் இன்னும் இறுகி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கெட்டுவிடும் என்று பயந்து அவள் தொடாமலே விட்ட சூடு. சோப்பு இனி கரைக்காது. பசு நக்கினால் நக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். எந்தச் சூடு, எவ்வளவு நேரம் என்பது தெரிந்தால் போதும். ஹாஸ்டல் போனால் என்ன, வேறு நூறு சமையலறை இருக்கிறது.

"எவ்வளவு சூடு வெச்சாரு?"

"எனக்குத் தெரியாதுங்க. நான் கிட்டத்துல இல்லை."

"எவ்வளவு நேரம்?"

"மாமாவைத்தான் கேக்கோணும்."

"அப்பா எங்க?"

அப்போதுதான் இரண்டு பேரும் அவரைத் தேடினார்கள். ஜன்னலோரம் நாற்காலி காலியாக இருந்தது. போன் அதன்மேல் கிடந்தது.

"மில்லுக்குப் போறேன்னு சொன்னாருங்க" என்றாள் நாச்சியம்மாள், பாத்திரம் எண்ணிக்கொண்டே. "ஆளுங்க சும்மா நிக்கறாங்களாமா. நல்ல நாளும் அதுவுமா எங்க போறீங்கன்னு கேட்டேன், காது கேக்காத மாதிரி போயிட்டாரு. நீ எங்க கண்ணு ஓடறே? பட்டுச் சேலையோட! ஏ புள்ள!"

ரித்திகா ஸ்கூட்டரை எடுத்தாள். லோகப்பிரியா பின்னால் உட்கார்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இந்தக் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து அண்ணி தன்னைத் தொட்டதே இல்லை என்பது ரித்திகாவுக்கு நினைவு வந்தது. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. தென்னந்தோப்பைத் தாண்டி, வாய்க்கால் மேட்டில் குலுங்கி ஏறி இறங்கினார்கள்.

"திருப்பியும் செஞ்சு பாப்போம் அண்ணி. இன்னைக்கே! அதே சூடு, அதே நேரம்."

"அதேதான். ஒரு டிகிரி கூடாது, ஒரு நிமிஷம் குறையாது."

"மோகன்குமார் சாரைக் கூப்புடவா?"

"வேண்டாம். அவரு கண்ணை மூடிக்குவாரு."

ரித்திகா வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. வாய்க்கால் வளைவிலேயே கண் எரிந்தது. மில் இன்னும் தெரியவில்லை. அதற்கு முன்னால் வாசனை வந்துவிட்டது.

பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பசை கொப்பரையில் கொதித்தது. ஆவிக்கு நடுவில், புது வேட்டியை மடித்துக் கட்டி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கப்பன் நின்றிருந்தார். இருமி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுபடி இருமினார். ஆட்கள் பார்க்காத மாதிரி பலகை அடுக்கினார்கள்.

"அப்பா!" லோகப்பிரியா இரைச்சலுக்கு மேலே கத்தினாள். "ரித்திகாவுக்கு ஒரு பலகை வாட்டிக் கொடுத்தீங்களே! கறுப்பா! அதைப் பசுவால ஒண்ணும் பண்ண முடியலைங்கப்பா! எவ்வளவு சூடு வெச்சீங்க? எவ்வளவு நேரம்?"

அங்கப்பன் துண்டை இறக்கினார். மகளைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். விஷயம் மெல்ல உள்ளே இறங்கியது. முகம் கொஞ்சம் மலர்ந்தது. பிரஸ்ஸைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், நெற்றியைத் தேய்த்தார். இரண்டு பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்த இடத்தில் அதுதான் உடம்புக்கும் நல்லது.

அங்கப்பனுக்கு ஞாபகம் இல்லை.